கண்ட ஆசிரியர் வாய்மூடி இருக்கலாமா?

(வடபகுதி ஆசிரியர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையிலும் நீதிமன்றத்திலும் பேசிப் பழகிய எம்மைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறீர்கள். மேடையேறும் எம்போன்றோர் பிள்ளைகளை நினைப்பது அரிது. அவர்களுக்கு வாக்கு இல்லை அல்லவா? ஆதலின் இவ்வழைப்பை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆசிரியத் தொழிலின் மாண்பைப் புகழ்ந்து, மாலையை ஏற்று, தேநீர் அருந்திப் போக நாம் வரவில்லை. ஒரு வழக்கின் கதையைச் சொல்லி, அது எம்முள் எழுப்பிய கேள்வியை உங்கள்முன் வைக்கவே வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நீதிமன்றத்தில், கொடுமைக்குள்ளான ஒரு பிள்ளையின் சார்பில் நாம் ஆஜராகியிருந்தோம். எந்த ஊர், எந்தப் பாடசாலை, ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று எம்மைக் கேளாதீர்கள். சொல்லுவது முறையன்று. வகுப்பாசிரியை சாட்சிக் கூண்டில் ஏறினார். பிள்ளையின் முழங்கைக்கு மேலே முதன்முதலில் எப்போது அடையாளம் கண்டீர்கள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வினவினார். முதலாந் தவணையில் என்றார் ஆசிரியை. எப்போது பிறருக்குச் சொன்னீர்கள்? மூன்றாந் தவணையில், பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போன பின்னர். இடையில் ஏன் சொல்லவில்லை? ஆசிரியை சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஐயா. சரியாகத் தெரிந்தபின் சொல்லுவோம் என்றிருந்தேன்" என்றார்.

கேள்வி கேட்டவர் திருப்தியோடு அமர்ந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சாட்சி தாம் கண்டதைத் தாமே நம்பவில்லை. நம்பியிருந்தால் எட்டு மாதம் பேசாதிருப்பாரா என்று வாதிட அவருக்கு வழி பிறந்துவிட்டது.

அவ்வாசிரியை கல்நெஞ்சர் அல்லர். காலை உணவு கொண்டுவராத அப்பிள்ளைக்குத் தம் சாப்பாட்டுப் பெட்டியிற் பாதியைக் கொடுத்து வந்தவர் அவரே. அது வழக்கின்போதுதான் வெளிவந்தது. சோற்றைப் பகிரத் தெரிந்த அந்த நல்ல மனத்துக்கு, கண்டதை ஒருவரிடம் சொல்ல மட்டும் ஏன் தெரியாமற் போயிற்று? எவ்வளவு தெரிந்தால் "தெரிந்தது" ஆகும்? இதுவே எமது கேள்வி.

இன்று "சிறுவர் துஷ்பிரயோகம்" என்று ஒரு சொல் வழங்கி வருகிறது. சுற்றறிக்கைகளிற் புழங்கிப் புழங்கி அதன் கூர் மழுங்கிவிட்டது. அடித்தலும், சுடுதலும், பட்டினி போடுதலும், பூட்டி வைத்தலும், காமத்துக்கு இரையாக்குதலும் அச்சொல்லுள் ஒளிந்து கொள்கின்றன. நாம் பிள்ளைக் கொடுமை என்றே சொல்வோம்.

ஏன் ஆசிரியர்?

மருத்துவர் இல்லையா, பொலிசார் இல்லையா, எல்லாச் சுமையையும் ஆசிரியர் தலையிலா ஏற்றுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரவு இடாப்பு, தவணைப் பரீட்சை, புலமைப்பரிசில் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, மேலிடம் கேட்கும் புள்ளிவிவரம் என்று உங்கள் முதுகு ஏற்கெனவே வளைந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். நோய் வந்தாற்றான் மருத்துவர் பிள்ளையைக் காண்கிறார். முறைப்பாடு வந்தாற்றான் பொலிசார் காண்கின்றனர். அயல்வீட்டார் மதிலுக்கு அப்பாலிருந்து அழுகையைக் கேட்பாரேயன்றி முதுகைக் காணார். நீங்களோ ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாட்கள், காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, அதே பிள்ளையை, அதே வாங்கில் காண்கிறீர்கள். ஐந்து வயது முதற் பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று இந்நாட்டின் சட்டம் பெற்றோரைக் கட்டாயப்படுத்துகிறது. கொடுமை செய்யும் தந்தையும் பிள்ளையை உங்களிடம் அனுப்பியே ஆகவேண்டும். அவ்வீட்டின் கதவை நாள்தோறும் அரசு திறந்துவிடும் நேரம் அது ஒன்றே.

திறந்த கதவின் வழியே என்ன தெரிகிறது? நேற்றுவரை முன்வாங்கிலிருந்து கை உயர்த்திய பிள்ளை இன்று பின்வாங்கில் தலை கவிழ்ந்திருக்கிறது. கரும்பலகையைத் துடைக்க நீங்கள் கையை ஓங்கினால் அது தன் முகத்தை மறைத்துக் கொள்கிறது. வெயில் கொளுத்தும் நாளிலும் சட்டைக் கையை மடிக்க மறுக்கிறது. திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்கிறது. மணி அடித்தபின்னும் வீட்டுக்குப் போக மனமின்றி வகுப்பறையைக் கூட்டிக் கொண்டு நிற்கிறது. வயதுக்கு ஒவ்வாத சொல்லொன்றைச் சொல்கிறது. வயதுக்கு ஒவ்வாத படமொன்றை வரைகிறது. இவற்றுள் எதுவும் தனித்து நின்று கொடுமையை நிறுவாது. தாய் நோயுற்றிருக்கலாம், வீட்டிற் கடன் இருக்கலாம், பிள்ளையே மரத்தால் விழுந்திருக்கலாம். ஆனால் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பிள்ளையிடத்திற் காணும் வாய்ப்பு உலகில் ஒருவருக்கே உண்டு. அவர் வகுப்பாசிரியர்.

போரால் தந்தையை இழந்து பேரன் பேர்த்தியின் பொறுப்பில் வளர்ந்தவர்களும், தாய் மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிக்குச் சென்றிருக்க உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களும் எம்மிடையே உண்டு. பிள்ளையின் முகம் மாறினால் அறிந்து கொள்ள வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள் என்று நம்பிக் கைகட்டியிருக்கும் காலம் இதுவன்று.

மானமும் மௌனமும்

ஆசிரியர் பேசாதிருப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றை இகழ்ந்து ஒதுக்க நாம் விரும்பவில்லை.

முதலாவது, ஊர் மானம். குடும்பத்தின் பெயர் கெடும், பெண்பிள்ளையாயின் நாளைக்கு யார் கட்டுவார், தம்பி தங்கையின் வாழ்வு என்னாகும் என்பர். இக்கவலை பொய்யன்று. ஆனால் அதன் பயன் யாருக்குப் போகிறதென்று கணக்குப் பார்த்ததுண்டா? மானம் போய்விடும் என்று அஞ்சி அடங்குவது பிள்ளையின் வீடு. அவ்வச்சத்தை வேலியாக்கிக் கொண்டு உள்ளே மேய்வது குற்றவாளி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாகாது என்பர் எம்மூரவர். ஆயினும் இவ்விடயத்தில் மட்டும் ஊர்வாய் தானாகவே மூடிக்கொள்ளும் விந்தையைக் காண்கிறோம்.

இரண்டாவது, பாடசாலையின் பெயர். இதைச் சற்று வெளிப்படையாகவே பேசவேண்டும். கொடுமை செய்தவர் வெளியாள் ஆயின் அதிபர்மார் ஓரளவு துணிகின்றனர். செய்தவர் பாடசாலைக்குள் இருப்பவராயின் என்ன நடக்கிறது? பழைய மாணவர் வருகின்றனர். அபிவிருத்திச் சங்கத்தார் வருகின்றனர். நூற்றாண்டு விழா நெருங்குகிறது என்கின்றனர். ஈற்றில் அவருக்கு ஓர் இடமாற்றம் கிடைக்கிறது. எங்கே? போக்குவரத்தில்லாத, பெற்றோர் கல்வியறிவு குன்றிய, கேள்வி கேட்பாரில்லாத ஒரு கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு! நகரத்துப் பாடசாலையின் கறையைக் கழுவிய நீரை வன்னிக் காட்டோரத்துப் பிள்ளைகளின் தலையில் ஊற்றுகிறோம். இதைத் தீர்வென்று சொல்ல எமக்கு நாக் கூசுகிறது.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடியாத மாடு படியாது என்று இன்னும் சொல்லித் திரிவோர் உளர். பாடசாலையில் உடற்றண்டனையைத் தடுத்துக் கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விடுத்தது. 2017 இல் தென்பகுதிப் பாடசாலையொன்றில் ஆசிரியர் ஒருவர் மாணவன் ஒருவனைக் காதோடு சேர்த்து அறைந்ததில் அவனது செவிப்புலன் பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரைக்கு மாறான இழிவான நடத்துகை எனக் கொண்டு, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடாக வழங்கவேண்டுமெனத் தீர்த்தது. தன் கையிற் பிரம்பை வைத்திருக்கும் ஆசிரியரிடம், "அப்பா அடிக்கிறார்" என்று எந்தப் பிள்ளை வந்து சொல்லும்? பிரம்பை மேசையிலிருந்து எடுத்தாலன்றி எமது பேச்சு முழுவதும் வீண்.

மூன்றாவது காரணம் அச்சம். வழக்கு வரும், நீதிமன்றத்துக்கு அலையவேண்டும், மானநட்டம் கேட்பார்கள், இரவில் வீட்டுக்குக் கல் எறிவார்கள் என்னும் அச்சம். இதற்கு மறுமொழி கூறுவது சட்டம் படித்த எமது கடமை.

சட்டம் என்ன சொல்கிறது?

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 21 ஆம் பிரிவு, சில குற்றங்களை அறிந்த எவரும் அவற்றை நீதவான் நீதிமன்றுக்கோ, பொலிஸ் நிலையத்துக்கோ, கிராம சேவை அலுவலருக்கோ உடன் அறிவிக்க வேண்டுமென்று விதித்தது. (நம் பாட்டன்மார் விதானையாரிடம் போய்ச் சொன்ன வழக்கத்தின் எச்சம் அது.) எந்தக் குற்றங்கள்? கொலை, கொள்ளை, அரசுக்கெதிரான குற்றங்கள் முதலியன. பிள்ளைக் கொடுமை அந்நிரலில் இடம்பெறவில்லை.

பின்னர் 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. அது நல்ல சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரைத் தம் பொறுப்பிற் கொண்டோர் அவரை வேண்டுமென்றே தாக்கினாலோ, கொடுமைப்படுத்தினாலோ, புறக்கணித்தாலோ, கைவிட்டாலோ அது தனிக் குற்றமாகும் என்று தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்னும் பிரிவைப் புகுத்தியது. தண்டனை இரண்டு ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டுக்கு மேற்படாத சிறை. பாரதூரமான பாலியற் கொடுமையும் அதே சட்டத்தாற் புதிய குற்றமாயிற்று.

அச்சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தம்மிடம் கழுவக் கொடுக்கப்பட்ட படச்சுருளிலே பிள்ளையொன்றின் ஆபாசப் படத்தைக் காணும் புகைப்படக்காரர் உடனே பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம், கணினிச் சேவை நடத்துவோருக்கும் அவ்வாறான கடமையை விதித்தது. படத்திலே பிள்ளையைக் கண்ட ஸ்ரூடியோக்காரர் கட்டுப்பட்டவர். இரத்தமும் சதையுமாய்ப் பிள்ளையை நாள்தோறும் கண்ட ஆசிரியருக்கு அதே தெளிவில் ஒரு வரியேனும் எழுதப்படவில்லை! படச்சுருள் கழுவும் தொழில் இன்று ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆசிரியத் தொழில் மறையவில்லை.

சுற்றறிக்கைகள் உண்டு, பாடசாலைதோறும் சிறுவர் பாதுகாப்புக் குழு அமைக்கும் ஏற்பாடு உண்டு, ஒழுக்காற்று விதிகள் உண்டு என்று எம்மை இடைமறிப்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுற்றறிக்கை மேலதிகாரியின் குரல். மேலதிகாரியே "இதை வெளியே விடாதே" என்று சொல்லும்போது ஆசிரியர் எதைப் பற்றி நிற்பார்? பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தையே பற்றி நிற்க முடியும். "எனக்கு வேறு வழியில்லை, ஐயா, சொல்லாவிட்டால் நான் குற்றவாளி" என்று அதிபரிடமும் ஊராரிடமும் அவர் கூற முடியவேண்டும். கட்டாயம் என்பது இங்கே சுமை அன்று, கேடயம்.

பிறநாட்டார் இதனை எப்போதோ கண்டுகொண்டனர். 1962 இல் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த கெம்ப் என்னும் குழந்தை மருத்துவர், அடிபட்ட பிள்ளைகளின் எலும்புமுறிவுகளை ஆராய்ந்து மருத்துவ ஏடொன்றிற் சகாக்களுடன் கட்டுரை எழுதினார். பெற்றோர் சொல்லும் கதையும் எலும்பு சொல்லும் கதையும் வேறுபடுவதை அக்கட்டுரை மருத்துவ உலகுக்குக் காட்டியது. ஐந்தே ஆண்டுகளுள், 1967 இற்குள், அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் அறிவித்தலைச் சட்டமாக்கின. முதலில் மருத்துவரை நோக்கியே எழுந்த அக்கடமை பின்னர் ஆசிரியருக்கும் விரிந்தது. கடல் கடந்து போவானேன்? பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியா 2012 இல் இயற்றிய பாலியற் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், குற்றம் நிகழ்ந்ததென அறிந்தவர் மட்டுமன்றி நிகழக்கூடும் என்று ஐயுறுபவரும் அறிவிக்கவேண்டும் என்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தம் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்துடன் அறிவித்தவர்மேல் வழக்கில்லை என்றும் அதே சட்டம் உறுதியளிக்கிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மானநட்டத்துக்கு அஞ்சும் ஆசிரியரே, கேளும். குற்றவியல் மானநட்டம் இந்நாட்டில் 2002 இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது குடியியல் வழக்கு. எமது உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, கடமையின்பாற்பட்டு, கேட்கும் உரிமையுடைய அதிகாரியிடம், தீய நோக்கின்றிச் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. சந்தையிலே சொல்லாதீர், உரிய இடத்திலே சொல்லும். பொய்த் தகவல் கொடுத்த குற்றமோ, அது பொய்யென்று தெரிந்தே கொடுத்தவருக்கு உரியது. ஐயத்தை ஐயமாகவே சொன்னவர் பொய்யர் ஆகார். அன்றியும் 2015 இல் முதன்முதல் இயற்றப்பட்டு 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டத்தாற் புதுப்பிக்கப்பட்ட பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சாட்சியை அச்சுறுத்துவது தனிக் குற்றம்.

ஒரு வலிய மறுப்பு

நண்பர்கள் சிலர் எம்மிடம் சொல்வதுண்டு: "நீர் சொல்லச் சொல்கிறீர். சொன்னபின் நடப்பதை அறிவீரா? தகப்பன் சிறைக்குப் போவான், உழைப்பு நின்றுவிடும், பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். அப்பிள்ளை இனி எவரிடமும் வாய் திறக்குமா?"

இம்மறுப்பில் உண்மை உண்டு. வழக்குகள் இழுபடுவதை எம்மினும் நன்கறிந்தவர் யார்? எட்டு வயதில் நிகழ்ந்ததைப் பதினேழு வயதிற் கூண்டில் ஏறிச் சொல்லுமாறு ஒரு பிள்ளையைக் கேட்பது இன்னொரு கொடுமை. எமது தொழிலைச் சார்ந்தோர் வாங்கும் தவணைகளுக்கு அதில் பங்குண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சான்றாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. அவ்வழியை எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுமாறு சட்டத்தரணிகளே குரல் எழுப்ப வேண்டும்.

ஆயினும் அறிவித்தல் என்றால் பொலிஸ் என்று மட்டும் கொள்ளாதீர்கள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. பிரதேச செயலகத்திற் சிறுவர் நலனுக்கென நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர் இருக்கின்றனர். நன்னடத்தைப் பகுதியினர் இருக்கின்றனர். 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளையை இல்லத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று சொல்லவில்லை. தகுந்த ஆளொருவரின் பொறுப்பில் விடவும் நீதிமன்றுக்கு அதிகாரமளித்தது. அத்தகுந்த ஆள் பேர்த்தியாராகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். அவ்வாறு ஒருவர் உண்டென்று நீதிமன்றுக்கு எடுத்துச் சொல்ல, குடும்பத்தை அறிந்த ஆசிரியரினும் சிறந்தவர் யார்?

இன்னொன்று. அறிவிப்பதாலே தீமை நேரலாம் என்போர், அறிவியாததால் நேர்ந்ததையும் தராசில் இடவேண்டும். இங்கிலாந்தின் பிரைற்றன் நகரில் 1973 சனவரியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மாற்றாந் தந்தையின் அடியால் இறந்தாள். அயலவர் கவலை தெரிவித்திருந்தனர். பாடசாலையும் கவலை தெரிவித்திருந்தது. சமூக சேவையாளர் வீட்டுக்குப் போய் வந்தனர். 1974 இல் வெளியான விசாரணை அறிக்கை, ஒருவர் அறிந்தது மற்றவரைச் சென்றடையாமற் போனதை எடுத்துக் காட்டியது. ஆளுக்கொரு துண்டு கையில் இருந்தது. அத்துண்டுகள் ஒட்டப்படவில்லை. ஒரு தரம் சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று இருப்பதும் போதாது என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

எப்படிச் சொல்வது?

ஆர்வமிகுதியால் வழக்கைக் கெடுத்த ஆசிரியர்களையும் நாம் கண்டிருக்கிறோம். பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதும், கதவைச் சாத்தி, நாலு ஆசிரியர் சூழ்ந்து நின்று, "அவன்தானே செய்தான்? இங்கேதானே தொட்டான்?" என்று கேட்டனர். பிள்ளை ஆம் ஆம் என்று தலையசைத்தது. ஆறு மாதத்தின் பின் நீதிமன்றில், அது பிள்ளையின் சொல் அன்று, ஆசிரியர் ஊட்டிய சொல் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. எம்மால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

நீங்கள் விசாரணை அதிகாரி அல்லர், நீதிபதியும் அல்லர். அது உங்களுக்கு ஒரு விடுதலை என்று எண்ணுங்கள். நிறுவவேண்டிய பொறுப்பு உங்களுடையதன்று. பிள்ளை பேசினால் கேளுங்கள். "என்ன நடந்தது?" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடாதீர்கள். அவ்வாக்கை உங்களாற் காக்க முடியாது, மீறினால் பிள்ளைக்கு இரண்டாம் ஏமாற்றம். "நீ சொன்னது நல்லது, உன்னில் பிழையில்லை, உதவக்கூடியவரிடம் நான் சொல்லப் போகிறேன்" என்று சொல்லுங்கள். தாய் தந்தையரை அழைத்து நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். அடித்தவர் அவர்களுள் ஒருவராக இருந்தால், அன்றிரவு அப்பிள்ளையின் கதி என்ன?

பின்னர் எழுதுங்கள். திகதி, நேரம், கண்ட அடையாளம், அது இருந்த இடம், பிள்ளையின் வாயில் வந்த அதே சொற்கள். "தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தெரிவித்தான்" என்று அழகுபடுத்தாதீர்கள். பிள்ளை "மாமா நோகப் பண்ணுறார்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். சம்பவம் நிகழ்ந்த காலத்தை அண்டி ஒருவர் மற்றவருக்குச் சொன்னதை, அவரது பிந்திய சாட்சியத்துக்கு வலுவூட்டுவதாக ஏற்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 157 ஆம் பிரிவு இடமளிக்கிறது. உங்கள் வகுப்பறைக் கொப்பியின் ஒரு தாள், எமது இரண்டு மணி நேர வாதத்தினும் பாரமானதாகலாம். ஆனால் அத்தாள் ஆசிரியர் அறை மேசையிற் கிடக்கலாகாது. பாலியற் குற்றத்துக்குள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை 1995 ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. தேநீர் இடைவேளையிலே அது பேச்சாகிவிட்டால், பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வராது.

காலந் தாழ்த்தாதீர்கள் என்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. கன்றல் சில நாளில் மறையும். பாலியற் கொடுமையாயின் முதல் மூன்று நாட்களுள் சட்ட மருத்துவ அதிகாரி காண்பதற்கும், மூன்று வாரத்தின் பின் காண்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இவ்விடத்தில் எமது பகுதிக்கேயுரிய ஒரு குறையைச் சொல்லாது விட முடியாது. பிள்ளை தமிழிற் பேசுகிறது. அதன் சொல் வேறு மொழியில் எழுதப்பட்டு, பின்னர் நீதிமன்றில் மீண்டும் தமிழாக்கப்படுமாயின், "நோகப் பண்ணுறார்" என்னும் சொல் எந்த உருவில் வந்து சேரும் என்று மொழி கற்பிக்கும் உங்களுக்கு நாம் விளக்கவேண்டுமா? தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் கூறிற்று. பெரியவர் ஒருவரின் காணி வழக்கில் மொழிபெயர்ப்புப் பிழைத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஒரு பிள்ளை தன் வாயை மூன்றாம் முறை திறக்காது. தமிழறிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் முன்னிலையிலேயே வாக்குமூலம் பெறப்படவேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எமது கேள்விக்கு மீள்கிறோம். எவ்வளவு தெரிந்தால் போதும்? அவ்வாசிரியை முதலாந் தவணையில் கண்டது போதும். ஓர் அடையாளம், பசித்த வயிறு, பொருந்தாத ஒரு கதை. அந்த அளவே 1929 என்னும் இலக்கத்தை அழுத்தப் போதுமானது. மிகுதியை அறிவது பிறர் தொழில்.

கூட்டம் கலையுமுன் ஒரு தீர்மான வரைவைத் தலைவர் அவர்களிடம் கையளிக்கிறோம். அது இது:

"பிள்ளைக்குக் கொடுமை நேர்ந்ததென்றோ நேரக்கூடுமென்றோ நியாயமான ஐயங்கொள்ளும் ஒவ்வோர் ஆசிரியரும் அதிபரும் அதனை உரிய அதிகாரிக்கு உடன் அறிவிக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டோராதல் வேண்டும்; நல்லெண்ணத்துடன் அறிவித்தவர் வழக்காலும் இடமாற்றத்தாலும் பழிவாங்கப்படாமற் காக்கப்படல் வேண்டும்; குற்றஞ் சாட்டப்பட்ட ஊழியரை விசாரணை முடியுமுன் வேறொரு பாடசாலைக்கு மாற்றும் வழக்கம் ஒழிதல் வேண்டும்; பிள்ளையின் வாக்குமூலம் அது பேசும் மொழியிலேயே பதியப்படல் வேண்டும்; இவற்றை உள்ளடக்கிய சட்டமொன்றைப் பாராளுமன்றம் இயற்றல் வேண்டுமென இக்கூட்டம் கோருகிறது."

இதை நாம் முன்மொழிய முடியாது. நாம் ஆசிரியர் அல்லர். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் உங்கள் நடுவிலிருந்தே எழவேண்டும். மூன்றாவது அம்சம் அதிபர்மார் சிலருக்குக் கசக்கும் என்பதை அறிவோம். அதனைத் திருத்த விரும்புவோர் எழுந்து காரணம் சொல்லட்டும், கேட்போம். தாள் தலைவரின் மேசைமேல் இருக்கிறது.